மாமியார் கூப்பிட்ட நேரத்தில் இன்னும் விழிப்பு வருகிறது: உறக்கமின்மை பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். "தூக்க மாத்திரை போடலாமா, போட்டால் பழகிவிடுமா?" என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் அதற்கு மேலே எழுதியிருப்பதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. மார்த்தாண்டம் பக்கம் வீடு, வயது 52, கணவர் மஸ்கட்டில், மகன் பெங்களூரில். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை இரண்டு வருடம் இரவும் பகலும் பார்த்தீர்கள். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது; உறக்கமும் அன்றோடு போய்விட்டது. ஒன்பது மணிக்குப் படுத்தால் பன்னிரண்டு வரை புரளல், கண் அசந்தால் இரண்டேகாலுக்கு விழிப்பு, அப்புறம் நாலரை வரை சுவர்க் கடிகாரம், ஆறரைக்கு எழும்போது தலைக்குள் சாக்கு கட்டினதுபோல் ஒரு கனம். யாரிடம் சொன்னாலும் "கண்டதையும் யோசிக்காதே" என்கிறார்கள். "ஊரே உறங்குது, நான் மட்டும் முழிச்சிருக்கேன், பகலிலும் இப்போது யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையைப் பற்றிக் கேட்கிறீர்கள், சரி. கூடவே, இந்த இரவுகளைத் தனியாக எப்படிக் கடப்பது என்றும் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் 21 வருடமாக மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்கிறேன். மருந்து எழுதும் மருத்துவர் இல்லை. உங்களை நேரில் பார்த்ததும் இல்லை. அதனால் இது நோய் நிர்ணயம் ஆகாது. உங்களைப் போன்றவர்களோடு பல வருடம் உட்கார்ந்து பேசியதில் தெரிந்ததும், இந்தத் துறையில் சோதித்து நிலைநின்றதுமாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

உறக்கமின்மை என்று மருத்துவம் எதைச் சொல்கிறது என்பதில் குழப்பம் இல்லை. படுக்க நேரமும் இடமும் இருந்தும் உறக்கம் பிடிக்காமல், அல்லது நடுவில் கலைந்து, வாரத்துக்கு மூன்று இரவாவது, மூன்று மாதமாவது தொடர்ந்து, பகல் வேலையையும் மனதையும் கெடுத்தால் அது நாள்பட்ட உறக்கமின்மை. நீங்கள் சொல்வது அதற்குள் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் நடுராத்திரியில் விழிக்கிறவர்கள் எல்லாருக்கும் அது இருப்பதாக அர்த்தம் இல்லை. குலசேகரம் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் பால் வெட்டியவர். முழங்கால் போனபிறகு வேலையை விட்டுவிட்டார். "ரெண்டரைக்கு மேல ஒரு பொட்டு உறக்கம் இல்லை சாரே" என்றார். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்டேன். ஏழரை. ஏழு மணி நேரம் அடித்துப்போட்டதுபோல் உறங்கியிருக்கிறார்! தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் தோட்டத்துக்குப் போன உடம்பு அந்தக் கணக்கை விடவில்லை, அவ்வளவுதான். சாயந்தரம் வெளிச்சத்தில் நடக்கச் சொல்லி, படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளினோம். அவருக்கு இருந்தது வேறு, உங்களுக்கு இருப்பது வேறு. உங்கள் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஒன்பதரை மணி நேரம் படுக்கையில் கிடந்து, நாலேகால் மணி நேரம் உறங்குகிறீர்கள்.

ஏன் இது எட்டு மாதமாக ஓடுகிறது? ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் ஒரு விளக்கம் சொன்னார். இன்றுவரை நான் அதைத்தான் காகிதத்தில் வரைந்து காட்டுகிறேன். சிலருக்கு இயல்பிலேயே மெல்லிய உறக்கம், சின்னச் சத்தத்துக்கும் விழிப்பு. அதன்மேல் ஒரு சாவு, ஒரு நோய், ஒரு கடன் வந்து விழும். இவை இரண்டும் உறக்கத்தைத் தொடக்கத்தில் கெடுப்பவை. நாளடைவில் அந்த அடி ஆறினாலும் உறக்கம் திரும்பாமல் வைத்திருப்பது மூன்றாவது ஒன்று: உறக்கம் கெட்டதும் அதைச் சரிக்கட்ட நாம் செய்கிற காரியங்கள். சீக்கிரம் படுப்பது, விடிந்தும் எழாமல் கிடப்பது, மத்தியானம் ஒரு மணி நேரம் சாய்வது, கடிகாரத்தைப் பார்த்து "இப்போ உறங்கினாலும் மூணு மணி நேரம் கிடைக்கும்" என்று கணக்குப் போடுவது. எல்லாம் நியாயமான காரியங்கள்தான். ஆனால் பகலில் விழித்திருக்க விழித்திருக்கத்தான் மூளையில் உறக்கத்துக்கான பசி சேரும். ஒன்பது மணிக்கே படுக்கிறவருக்கு அந்தப் பசி போதாது. கூடவே, தினமும் ஐந்து மணி நேரம் கட்டிலில் விழித்துக் கிடந்தால், கட்டில் என்பது விழித்துக் கவலைப்படும் இடம் என்று மூளை படித்துக்கொள்ளும். டிவி முன்னால் நாற்காலியில் தலை தொங்கும், எழுந்து போய்ப் படுத்தால் கண் பளிச்சென்று திறந்துகொள்ளும் என்று எழுதியிருந்தீர்களே, அது இதுதான்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மாமியாரை ராத்திரி இரண்டு மணிவாக்கில் திருப்பிப் படுக்கவைத்து, துணி மாற்றி, தண்ணீர் கொடுப்பேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இப்போது விழிப்பு வருவது இரண்டேகாலுக்கு. இரண்டு வருடம் ஒரு முனகல் சத்தத்துக்காகக் காதைத் திறந்துவைத்து உறங்கப் பழகிய உடம்பு அது. கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்களிடமும் இதைப் பார்க்கலாம். ஆனால் அங்கே குழந்தை வளர வளரப் பழக்கம் மெல்லத் தேயும். உங்களுக்கு ஒரே நாளில் வேலை நின்றுவிட்டது, காவல் நிற்கவில்லை. அந்த இரவுகளில் நீங்கள் தனியாகவும் இல்லை, பாருங்கள். எவ்வளவு சலிப்பாக இருந்தாலும் கூப்பிட ஒரு ஆள் இருந்தார், போய் நிற்க ஒரு கட்டில் இருந்தது. இப்போது அதே நேரத்துக்கு விழிக்கிறீர்கள், யாரும் கூப்பிடவில்லை. இதைத் துக்கம் என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். "கிடந்து கஷ்டப்படாமல் போனாரே" என்று ஊர் ஆறுதல் சொல்லி முடித்திருக்கும். நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களின் துக்கத்தில் பாதி, கைக்கு வேலை இல்லாமல் போன துக்கம். இது ஆராய்ச்சி முடிவு இல்லை, என் அனுபவத்தில் சொல்கிறேன்.

இனி சிகிச்சை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லாத ஒன்று உண்டு. நாள்பட்ட உறக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை. சிபிடி-ஐ என்று சுருக்கமாகச் சொல்லும் பேச்சும் பழக்கமும் சேர்ந்த சிகிச்சைதான். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் எல்லா வயதுவந்தவர்களுக்கும் முதலில் இதைத்தான் பரிந்துரைத்தது. இதன் இரண்டு முக்கியப் பகுதிகள் கேட்க எளிமை, செய்யக் கடினம். ஒன்று, 1970களில் ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் சொன்னது: உறக்கம் கண்ணைக் கட்டும்போது மட்டும் கட்டிலுக்குப் போக வேண்டும். உத்தேசமாகக் கால் மணி, இருபது நிமிடம் கிடந்தும் உறக்கம் வரவில்லையென்றால் எழுந்து அடுத்த அறைக்குப் போய் மங்கலான வெளிச்சத்தில் உட்கார வேண்டும். மறுபடி கண் சொருகும்போது வர வேண்டும். எத்தனை முறை ஆனாலும் இப்படித்தான். காலையில் எழும் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் மாறக் கூடாது.

இரண்டாவது ஸ்பீல்மன் முறை. அதைச் சொன்னால் எல்லாரும் என்னை முறைப்பார்கள். உறங்குகிற நேரத்துக்குத் தக்கபடி படுக்கையில் இருக்கும் நேரத்தைச் சுருக்குவது. உங்களுக்கு ஐந்தரை மணி நேரத்தில் தொடங்கலாம்: இரவு 12-க்குப் படுப்பது, காலை 5.30-க்கு எழுவது. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே யாருக்கும் இறக்குவதில்லை. முதல் ஒரு வாரம், பத்து நாள் இப்போதைவிட மோசமாக இருக்கும், பகலில் தள்ளாடும். இதை முதலிலேயே சொல்லாமல் விட்டால் ஆட்கள் நாலாம் நாள் கைவிட்டுவிடுவார்கள். அப்புறம் உறக்கம் துண்டு துண்டாக இல்லாமல் ஒட்டத் தொடங்கும். ஒரு வாரச் சராசரியில் படுக்கும் நேரத்தில் 85 சதவீதம், அதாவது ஐந்தரை மணி நேரத்தில் சுமார் 4 மணி 40 நிமிடம் உறங்கினால், கால் மணி நேரம் கூட்டலாம். அடுத்த வாரம் இன்னொரு கால் மணி. இப்படியே உங்களுக்குத் தேவையான அளவுக்கு ஏறும். எட்டு மணி நேரம் வந்தே தீர வேண்டும் என்று இல்லை. உங்கள் வயதில் பலருக்கு ஏழு போதும். ஒரு எச்சரிக்கை: வலிப்பு நோய் உள்ளவர்கள், எப்போதாவது மனம் மிகையாகக் கொந்தளிக்கும் இருமுனை நோய் இருந்தவர்கள், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள், உயரத்தில் ஏறி வேலை செய்பவர்கள் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது. நீங்களும் அந்த நாட்களில் ஸ்கூட்டரை எடுக்காதீர்கள்.

பன்னிரண்டு வரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒன்பது மணிக்கே படுப்பது ஏன் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்: வேறு வேலை இல்லை, கணவர் சாப்பிட்டு முடித்து, அங்கே ஒன்பதரைக்குக் கூப்பிடும்போது இங்கே பதினொன்று, அதுவரை போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக் காத்துக் கிடப்பது. அந்த ஃபோனைக் கட்டிலில் எடுக்காதீர்கள். சிட்அவுட்டில் ஒரு நாற்காலி போட்டு, அங்கே உட்கார்ந்து பேசுங்கள். இன்று அவரிடம் சொல்ல ஒரு விஷயத்தையாவது பகலில் எடுத்துவையுங்கள், "சாப்டாச்சா"வுக்கு மேலே போகிற மாதிரி.

அப்புறம் ஃபிளாஸ்க். மாமியாரைப் பார்த்த நாளிலிருந்து பழக்கம், ராத்திரி ஃபிளாஸ்க்கில் கட்டன்சாயா, அதாவது பால் சேர்க்காத டீ, போட்டு வைத்துக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சாயாவில் உள்ள கஃபீன், உறக்கப் பசியை மூளைக்குத் தெரிவிக்கும் அடினோசின் என்ற பொருளின் வாயை அடைக்கிறது. குடித்ததில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஐந்து மணி நேரம்வாக்கில் ஆகும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். ராத்திரி இரண்டேகாலுக்கு ஒரு டம்ளர் என்றால் அதன் பாதி விடிந்த பிறகும் உள்ளே நிற்கும். காவலுக்கு இருந்தவரைக்கும் அது தேவைப்பட்டது. இப்போது மத்தியானத்துக்கு மேல் வேண்டாம். ஃபிளாஸ்க்கில் சுக்கு வெந்நீர் இருக்கட்டும்.

சந்தேகத்துக்கு இடமுள்ள விஷயங்களுக்கு வருவோம். "போனைப் பார்க்காதே, பால் குடி, அறையை இருட்டாக்கு" என்கிற பொது அறிவுரைகள் தவறில்லை. ஆனால் அவை மட்டும் நாள்பட்ட உறக்கமின்மையைத் தீர்த்ததாகச் சான்று பலமாக இல்லை. மெலடோனின் மாத்திரை, உடம்பின் கடிகாரம் இடம் மாறியவர்களுக்கு உதவும். உங்களுடையது போன்றதற்கு அதன் பலன் சொற்பம். அமுக்கரா (அசுவகந்தா) பற்றிச் சின்னச் சின்ன ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் உடம்பு இளகும், செய்யுங்கள். நோயைத் தீர்க்கும் என்று வாக்குத் தர மாட்டேன். நம் மாவட்டத்தில் ஜாதிக்காய் வீட்டு முற்றத்திலேயே காய்ப்பதால், பாலில் அரைத்துக் குடி என்று யாராவது சொல்லியே இருப்பார்கள். ஒரு சிட்டிகை போட்டால் ஒன்றும் ஆகாது. உறக்கம் வரவில்லையென்று அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், கரண்டிக் கணக்கில் போனால் அது நஞ்சு. படபடப்பும் குழப்பமும் வரும். கைக்கடிகாரத்தில் உறக்கம் அளப்பதும் எனக்கு ஒத்துவராத விஷயம். அப்பா இறந்த வருடம் நானே நாலைந்து மாதம் உறங்காமல் கிடந்தேன். எல்லாருக்கும் சொல்கிறவன், எனக்குச் சொல்லிக்கொள்ளாமல் அப்படி ஒரு வாட்சை வாங்கிக் கட்டினேன். கொஞ்சம் தெளிவாக எழுந்த காலையிலும் அது "4 மணி 10 நிமிடம்" என்று காட்டும், உடனே எனக்குத் தலை வலிக்கும். கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டது இன்றும் அங்கேதான் கிடக்கிறது. உங்கள் சுவர்க் கடிகாரத்தையும் அறையைவிட்டு எடுங்கள்.

மாத்திரை. கெட்டது என்று ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன். கடும் துக்கத்தில் சில நாள், மருத்துவர் பார்த்து, எப்போது நிறுத்துவது என்று அன்றே பேசிக்கொண்டு தந்தால் அதற்கு ஒரு இடம் இருக்கிறது. சிக்கல் மாதக்கணக்கில் போகும்போதுதான். அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவை உடம்புக்குப் பழகிப்போகும், அதே அளவில் வேலை குறையும். திடீரென்று நிறுத்தினால் உறக்கம் முன்னைவிட மோசமாகும். அதைப் பார்த்து "மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். நெடுநாள் போட்டவர்கள் சட்டென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லி வாரக்கணக்கில் குறைக்க வேண்டியது அது. வயதாக ஆக, ராத்திரி பாத்ரூமுக்குப் போகையில் விழுந்து இடுப்பு எலும்பு முறியும் ஆபத்தும் கூடுகிறது. இவை மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்துகள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டில் வாங்கிய பத்து மாத்திரை அலமாரியில் இருக்கிறது என்கிறீர்கள். அதைத் தொட வேண்டாம் என்பதுதான் என் பதில்.

ஆனால் மருத்துவரைப் பார்க்கவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்னதைத் தொடங்கும் முன்பே ஒருமுறை போய் வாருங்கள். 52 வயதில் மாதவிலக்கு நிற்கும் காலத்துச் சூடும் வியர்வையும் உறக்கத்தைக் கலைக்கும், அதற்குத் தனி வைத்தியம் உண்டு. தைராய்டு, சர்க்கரை, இரும்புச்சத்து பார்க்கச் சொல்லுங்கள். படுத்ததும் கால் பரபரவென்று அசைக்கத் தோன்றினால் அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள், இரும்புச்சத்து குறைந்தாலும் அப்படி வரும். பலத்த குறட்டை, மூச்சு முட்டி எழுவது இருந்தால் அது வேறு நோய். தனியாக இருப்பதால் உங்களுக்கே தெரியாது, மகன் வந்தால் கவனிக்கச் சொல்லுங்கள். பகல் முழுதும் எதிலும் பிடிப்பில்லாமல், பசியில்லாமல், குற்ற உணர்வோடு போகிறதென்றால் மனச்சோர்வையும் பார்க்க வேண்டும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. "யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்று குழித்துறைக்காரர்கள் திருவனந்தபுரத்துக்கும், நாகர்கோவில்காரர்கள் திருநெல்வேலிக்கும் பஸ் ஏறுவது எனக்குத் தெரியும். அதுவும் சரிதான், எங்கேயாவது போனால் போதும்.

தனிமைக்கு வருகிறேன். உறக்கம் கெட்டால் தனிமை கூடும் என்பது வெறும் மனப்பிராந்தி இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எட்டி பென் சைமனும் மேத்யூ வாக்கரும் 2018-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு இரவு உறங்காதவர்கள், தங்களை நோக்கி நடந்து வருகிற ஆளை, நன்றாக உறங்கிய நாளைவிட அதிக தூரத்திலேயே நிறுத்தச் சொன்னார்கள். இன்னொரு பகுதி: உறங்காதவர்கள் பேசும் சின்ன வீடியோவைப் பார்த்த முன்பின் தெரியாதவர்கள், இவர் தனிமையில் இருக்கிறார் என்று கணித்தார்கள்; பார்த்த பிறகு அவர்களுக்கே கொஞ்சம் தனிமையாக இருந்ததாம். இதை அப்படியே உங்கள்மேல் வைக்க முடியாது; ஆய்வகத்தில் கலந்துகொண்டவர்கள் 18 ஆரோக்கியமான இளைஞர்கள், ஒரே ஒரு இரவு. எட்டு மாதம் என்பது வேறு. ஆனாலும் "யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை" என்பதை உங்கள் குணம் மாறிவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன். நீங்கள் ஒதுங்குகிறீர்கள், அவர்கள் "அவளுக்கு இஷ்டமில்லை" என்று விலகுகிறார்கள், ராத்திரி அது இன்னும் பெரிதாகத் தெரிகிறது. தனிமையால் உறக்கம் கலைவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எது முதலில் என்பது ஒவ்வொருவருக்கும் வேறு.

அதனால் தனிமைக்கான மருந்தை ராத்திரி இரண்டரைக்குத் தேடாதீர்கள், அந்த நேரத்தில் கிடைக்காது. பகலில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில், நீங்கள் வராவிட்டால் "எங்கே காணோம்" என்று கேட்க ஒரு ஆளாவது இருக்கிற ஒரு வேலை வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஐந்தரைக்கு எழுவதால் ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்காவோடு ஆற்றுப் பாலம்வரை நடப்பது, மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுவது, பாட்டுக் குழுவில் மறுபடி சேர்வது. காலை வெளிச்சம் கண்ணில் படுவது உடம்புக் கடிகாரத்துக்கும் நல்லது. நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க, புண் வராமல் பார்க்க உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அந்தத் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது, இல்லையா? அப்படி ஒருவர் கிடக்கிற வீட்டில் வாரத்துக்கு ஒரு பகல் போய்ச் சொல்லிக்கொடுக்கலாம். ராத்திரி மட்டும் வேண்டாம்.

ராத்திரி விழித்தே தீருகிற நேரத்துக்கு: "மூன்று மணிக்கு ஆண்டவர் ஜெபிக்க எழுப்புகிறார்" என்று உங்கள் நாத்தனார் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதில் நான் தலையிட மாட்டேன். ஜெபம் நாற்காலியில் இருக்கட்டும், கட்டிலில் வேண்டாம். பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் ரப்பர் தோட்டம் தெரியும் என்றீர்கள். மழை இல்லாத நாளில் அங்கே ஒவ்வொரு மரமாக ஒரு வெளிச்சம் நின்று நின்று நகரும். தோவாளைப் பூச்சந்தையில் பூ மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும், கடற்கரையில் வள்ளம் இறக்குவார்கள். ஊரே உறங்குகிறது என்பது நம் மாவட்டத்துக்கு அவ்வளவு பொருந்தாது அக்கா. அந்த நேரத்தில் மனது போடுகிற தீர்ப்புகளை, "என்னை யாருக்கும் வேண்டாம்" என்பது போன்றவற்றை, காலை பத்து மணிக்கு மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்று தள்ளிவையுங்கள். ஒன்றை நேராகவே கேட்கிறேன்: செத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா? வந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம். 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசு நடத்துவது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. அந்தப் பத்து மாத்திரையையும் நாளைக்கே பக்கத்து வீட்டு அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்று ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்து, தினமும் காலையில் மூன்று விஷயம் எழுதுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், எவ்வளவு உறங்கியிருப்பீர்கள் என்று ஒரு உத்தேசம். ராத்திரி எழுந்து எழுத வேண்டாம், அதற்காகக் கடிகாரம் பார்க்கவும் வேண்டாம்; உத்தேசம் அரை மணி முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. மருத்துவரிடம் போகும்போது அதைக் கொண்டுபோங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த எண்களை இங்கே எழுதினால், கால் மணி கூட்டலாமா இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.